பசுப் பாடத்துக்கு நாலு கேள்வி

"நிப்பாட்டாமல் ஓடினால்தான் அது வாசிப்பு. இருபது வருசமாய் நான்…"

"விளங்காமல் ஓடி என்ன ஐயா…"

"குறுக்கை கதையாதை பிள்ளை!"

"நான் துவங்கின கதைக்குள்ளை நீங்கள்தானே வந்தது?"

சண்டிலிப்பாயில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். தலைமை வாத்தியார் நமசிவாயமும் மூன்றாம் வகுப்பு ஆசிரியை மகாதேவியும் மூன்று நாளாக இப்படித்தான். வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார். பிள்ளைகள் விளங்கி வாசிக்கவில்லை என்று அவர் எழுதிவிட்டால், இன்னும் நிரந்தரமாகாத மகாதேவியின் வேலை போய்விடும்.

பசுப் பாடத்தின் ஒவ்வொரு வரியிலும் நிறுத்திக் கேள்வி கேட்பது மகாதேவியின் வழி. அது பிடித்துப்போய்ப் பிள்ளைகளே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

"ரீச்சர், பசுவுக்குப் பேரில்லையோ?"

"ஆருடைய பசு ரீச்சர்?"

மூன்று நாளில் இரண்டு வரிதான் முடிந்திருந்தது.

"பாத்தியோ? இன்ஸ்பெக்டரையெல்லே இதுகள் சோதிக்கப் போகுதுகள்!" என்றார் நமசிவாயம். "இணுவில் பள்ளிக்கூடத்திலை அவர் கேட்ட நாலு கேள்வியும் அறிஞ்சு வந்திட்டன். நாலு வாங்குக்கும் வரிசையாய் வாங்குக்கு ஒரு பிள்ளை, ஒரு மறுமொழி. பாடமாக்கு."

மகாதேவி பல்லைக் கடித்துக்கொண்டு நாலு பெஞ்சுப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்வித்தாள். குணலட்சுமி மட்டும் மசியவில்லை.

"மறுமொழி புத்தகத்திலை கிடக்குத்தானே ரீச்சர். பாத்துச் சொல்லுறன்."

"உவளை வாங்கிலை இருத்தாதை," என்ற நமசிவாயம், இன்ஸ்பெக்டரின் தொப்பியைப் பிடித்துக்கொண்டு அவர் உட்காரும் கதிரையோடு நிற்கும் வேலையை அவளுக்குக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை முதல் வாங்குத் தம்பிராசா புகையிலைக்குத் தண்ணீர் இறைக்கப் போய்விட்டான். மகாதேவி அதைக் கவனித்தபோது இன்ஸ்பெக்டர் கதிரையில் இருந்தாயிற்று. கையிலிருந்த கடுதாசியைப் பார்த்தபடி அவர் கேட்டார்.

"பசு எங்கே நிற்கிறது?"

முதல் வாங்கு வெறுமை. இரண்டாம் வாங்கு எழுந்தது.

"வைக்கோல்!"

"நன்று. அது என்ன தின்னும்?"

"அம்மா!"

"நன்று. பால் கறப்பது யார்?"

"கன்றுக்குட்டி!"

மகாதேவி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"மிக நன்று. முதலில் பால் குடிப்பது யார்?"

பாடமாக்கிய மறுமொழிகள் தீர்ந்துவிட்டன. எழுந்து சொல்ல வேறு வாங்கும் இல்லை.

"மிக மிக நன்று."

'பிள்ளைகள் நன்கு விளங்கி வாசிக்கிறார்கள்' என்று பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். கடுதாசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். தொப்பியை வாங்கிக்கொண்டு விறுவிறென்று காரில் ஏறிப் போய்விட்டார்.

"பாத்தியோ பிள்ளை? பாடமாக்கினதுதான் உன்ரை வேலையைக் காப்பாத்தினது!"

"பசு அம்மாவைத் தின்னும் எண்டதுக்கு நன்று எண்டவர் ஐயா! கேள்வியைப் பாத்துப் பாத்துக் கேட்ட மனிசனுக்கு மறுமொழி மட்டும் எப்பிடிக் காதிலை விழாமல் போனது?"

குணலட்சுமி கிட்ட வந்தாள்.

"நானும் அந்தக் கடுதாசியை வாசிச்சனான் ரீச்சர். அதிலை கேள்வி ஒண்டும் இல்லை. பருத்தித்துறையிலை ஆருக்கோ கலியாணமாம், இண்டைக்குப் பதினொரு மணிக்கு முகூர்த்தமாம்."