சனிக்கிழமைப் படையெடுப்பு

ஏழு கடல் தாண்டியெல்லாம் போக வேண்டாம். பக்கத்தில்தான் வாணலிபுரம் என்றொரு நாடு இருந்தது. அங்கே வடை சுடாத வீடில்லை; ஆனால் ஒரு சொட்டு எண்ணெய் விளையாது. சந்தையில் முறுக்கைக் கொடுத்து, அண்டை நாடான செக்கூரின் எண்ணெயை வாங்கிக்கொள்வார்கள்.

செக்கூரை ஆண்டவர்கள் அண்ணன் தம்பி இருவர். தேரோட்டத்தில் முதலில் வடம் பிடிப்பது யார் என்று ஆண்டுதோறும் சண்டை போடுவார்கள். தேர் நிலைக்கு வந்ததும் கட்டிக்கொள்வார்கள். இந்த ஆண்டு அந்தச் சண்டை வாணலிபுரத்து மன்னர் கொப்பரைவர்மரின் காதில் விழுந்துதொலைத்தது.

"கூடப்பிறந்தவர்கள் அடித்துக்கொள்ள என் நெஞ்சு பொறுக்குமா?" என்று கலங்கினார்.

"பொறுக்காது மன்னா," என்றார் அமைச்சர் நெடுமொழியார். "சமாதானம் செய்யப் படை அனுப்புவோம். இதற்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை என்று முரசறைந்துவிட்டேன்."

"எண்ணெயைப் பற்றி யார் கேட்டார்கள்?"

"யாரும் கேட்கவில்லை. கேட்பதற்குள் சொல்லிவிட்டேன்."

வீட்டுக்கு ஓர் ஆண் படைக்கு வர வேண்டும் என்று ஆணை பிறந்தது. சந்தையை மூடினார்கள். ரதச் சக்கரங்களுக்குப் போட, வீட்டு எண்ணெயையெல்லாம் வழித்துக்கொண்டு போனார்கள். மக்கள் இனி வடையை அவித்துத் தின்னலாம். ஆனால் அதையும் மொறுமொறுப்பு என்றே சொல்ல வேண்டும்!

வடைக்கடை ராக்காயியின் கணவன் சடையாண்டியும் ஈட்டியோடு கிளம்பினான்.

"சமாதானம் பேசப் போறவருக்கு ஈட்டி எதுக்கு? அது கெடக்கட்டும், இந்தக் காலிக் குடம் எதுக்கு?"

"ஆளுக்கொரு குடம்னு உத்தரவு புள்ள. தாகத்துக்காம்."

"எண்ணெய் நாசமாப் போகுது. நீங்க முழுசா வந்து சேருங்க," என்று அழுதவள் அடுப்பை அணைத்தாள். அவன் வரும்வரை மூட்டுவதில்லை என்று வீம்பு.

நாள் குறித்த சோதிடர் செக்கூரின் வழக்கத்தை விசாரிக்கவில்லை, புண்ணியவான். படை எல்லை தாண்டியது சனிக்கிழமை. செக்கூரில் சனிக்கிழமை யார் வந்தாலும் முதலில் தலையில் எண்ணெய், அப்புறம்தான் "என்ன விஷயம்?"

தலையைக் காட்ட ஈட்டியைக் கீழே வைத்தார்கள் வீரர்கள். திரும்ப எடுத்தால் வழுக்கியது. கொண்டுபோன குடங்களில் வெந்நீர், கூடவே சீயக்காய், மிளகு ரசம், சுடுசோறு. எண்ணெய் தேய்த்துக் குளித்தவன் வெயிலில் திரியலாமா? "எல்லாரும் படுங்கள்" என்று தளபதியே ஆணையிட்டார்.

கொட்டாவிக்கு நடுவே, "சண்டை எங்கே?" என்று கேட்டார்.

"நேத்தே முடிஞ்சுதுங்க," என்றான் தம்பி. "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?" என்றான் அண்ணன்.

மறுநாள் படை திரும்பியது. கோட்டை வாசலிலேயே மன்னர் காத்திருந்தார். "எங்கே எண்ணெய்?"

தளபதி குனிந்து பளபளக்கும் தலையைக் காட்டினார். "இதோ, மகாராஜா."

மன்னர் அந்தத் தலையைத் தொட்டு விரலை முகர்ந்தார். பிறகு முரசு முழங்கியது: "மாபெரும் வெற்றி! இனிமேல் முறுக்கைக் கொடுத்தாலே செக்கூர் எண்ணெய் நம் சந்தைக்கு வரும்!"

சடையாண்டி முழுசாக வந்துவிட்டான். ராக்காயிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்று அவள் சுட்ட வடைக்கு ஊரே திரண்டது. நெடுமொழியாரும் வந்து ஒன்றைக் கடித்தார். "போரில் வென்ற எண்ணெய், என்ன மணம்! அது சரி, உப்பளநாட்டில் மாமனுக்கும் மருமகனுக்கும் மனத்தாங்கலாம். மன்னர் நெஞ்சு பொறுக்காமல் துடிக்கிறார்."

ராக்காயி கரண்டியை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் சாமி, அரண்மனையில உப்பு தீர்ந்துபோச்சா?"