மேல்மலைக்கு நான் உடுத்திவிட்ட இலையுடை

பழனி மலைகளைத் தூக்கிவந்து வைத்தவன் இடும்பன். அவற்றில் மலைவாசிகளை வைத்தவன் நான். 1957-க்கு முன்பு அங்கே வெறும் மனிதர்கள்தான் இருந்தார்கள்.

அப்போது நான் சென்னையில் 'மக்கள் மகிழ்ச்சிப் படப் பிரிவின்' டைரக்டர். 'மலையின் மழலைகள்' என்று ஒரு படம் எடுக்க எனக்கு உத்தரவாயிற்று. கொடைக்கானலுக்கு அப்பால் சாலை கிடையாது. குதிரையில் ஏறி மேல்மலையில் இருக்கும் மந்தைப்பாறைக்குப் போய்ச் சேர்ந்தபோது என் இடுப்பு என் வசம் இல்லை. எதிரே வந்த ஊர்த்தலைவர், மன்னாடி வேலப்பனைப் பார்த்ததும் மனமும் ஒடிந்தது. கம்பளிக் கோட்டு, மப்ளர், கையில் செய்தித்தாள்! மனிதர் பூண்டு விலை படித்துக்கொண்டிருந்தார்.

"மலைவாசிகள் எங்கே?"

"நாங்கதானுங்க."

"தேன் எடுப்பவர்கள்?"

"நாங்க பூண்டு போடுறோம்ங்க. தேன் வேணும்னா கொடைக்கானல் கடையில கெடைக்கும்."

நாட்டின் நற்பெயர் ஆபத்தில் இருந்தது. நாடகக் கம்பெனியில் வாடகைக்கு எடுத்துவந்த இலையுடைகளைப் பிரித்தேன்.

"இது என்னங்க?"

"உங்கள் பாரம்பரிய உடை."

வேலப்பனின் மனைவி அழகம்மாள் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "துணி இலையால்ல இருக்கு! நெச இலைன்னாலும் ஆட்டுக்காவது ஆவும். இதக் கட்டிக்கிட்டு வெள்ளனே வெளிய வந்தா வெறச்சுப் போயிருவோம்."

வேலப்பன் ஒன்றுதான் கேட்டார். "இந்தப் படத்தப் பெரிய ஆபீசருங்க பாப்பாங்களா? பாத்தா ரோடு வருமா? பிள்ளத்தாச்சிய ஆசுபத்திரிக்கு டோலி கட்டித்தான் தூக்குறோம்ங்க. போன மழையில ஒருத்தி வழியிலயே போயிட்டா."

"பார்த்தால் உருகிவிடுவார்கள்" என்றேன். உருகத்தான் உருகினார்கள்.

ஊரே இலை கட்டிக்கொண்டது. அவர்களுடைய 'ஆதி நடனத்தை' நானே கற்றுக்கொடுத்தேன். "ஹோய் ஹோய்" என்று குதித்து முடித்த வேலப்பன், "காட்டுப்பன்னி வெரட்டும்போதுகூட இம்புட்டுக் கத்த மாட்டோம்ங்க" என்றார்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. கொடைக்கானலுக்கு வந்த சீமான்கள் ஏரியை விட்டுவிட்டு இலை மனிதர்களைத் தேடினார்கள். கன்னிவாடிச் சந்தையில் பூண்டு வியாபாரிகள் வேலப்பனிடம் கைஜாடையில் பேச ஆரம்பித்தார்கள். அவர் தமிழில் விலை சொன்னால் பயந்துபோனார்கள்.

இரண்டு வருடம் கழித்து, ரோடு கேட்டு மதுரையில் ஓர் அலுவலகத்துக்குப் போனார் வேலப்பன். அதிகாரி ஞானவேல் அவருடைய கோட்டை ஏற இறங்கப் பார்த்தார்.

"மலைவாசி மனுவை மலைவாசிதான் கொடுக்கணும்."

"நான்தானுங்க அது."

"யார் காதுல பூ சுத்துற? படத்தை நானும் பார்த்தாச்சு."

என் கருணைக்கு அளவில்லை. சேதி காதுக்கு எட்டியதும் இலையுடையை வாடகையில்லாமல் அனுப்பிவைத்தேன். மறுவாரம் வேலப்பன் அதைக் கட்டிக்கொண்டு, குளிராத மதுரையில் நாணத்தால் நடுங்கியபடி போய் நின்றார். ஞானவேலின் கண் கலங்கிவிட்டது.

"ஆகா, கள்ளங்கபடமில்லாத ஜனங்கள்! இவங்களுக்கு ரோடு போட்டா நாகரிகம் ஏறிவந்து கெடுத்துடுமே!"

"எம் மருமக சோலையம்மா மாசமா இருக்குங்க."

"இயற்கை பார்த்துக்கும்" என்று சொல்லி, மிகுந்த அன்போடு மனுவைத் தள்ளுபடி செய்தார்.

படத்துக்கு விருது கிடைத்தது. விருதுக்கு மரியாதையாக இரண்டாம் பாகம். மறுபடி குதிரை ஏறினேன். பாதி மலையில், பனி விலகிய அருமையான வெளிச்சத்தில், மேலேயிருந்து ஒரு டோலி இறங்கியது. உள்ளே சோலையம்மாள். மேலே போர்த்தியிருந்தது வேலப்பனின் கோட்டு. பக்கத்தில் அழகம்மாள் ஓடிவந்தாள்.

"வெரசா வழி விடுங்க சாமி! பனிக்குடம் ஒடஞ்சு நேரமாச்சு!"

அது ஒற்றையடிப் பாதை. நடுவில் என் காமிரா முக்காலி நின்றது.

"ஒரு நிமிஷம். அந்தக் கோட்டை மட்டும் எடுத்துவிடுங்கள், இயற்கையாக இல்லை" என்றேன். டோலிக்கு முன்னால் வந்த வேலப்பன் கும்பிட்டார். அந்தக் கும்பிடு மிக நன்றாக வந்ததால் இன்னொரு முறை கும்பிடச் சொன்னேன். நான் படம் எடுத்து முடிப்பதற்குள் அழகம்மாளின் குரல் ஓங்கி எழுந்தது; டோலிக்கு அவசரம் இல்லாமல் போயிருந்தது.

'மலைமகளின் பல்லக்கு' என்ற அந்தக் காட்சிக்குச் சென்னையில் கைதட்டல் ஓயவில்லை. பின்னணியில் ஒரு பெண்குரல் கேட்கிறதே, அது என்ன பாட்டு என்று ஒரு நிருபர் விசாரித்தார்.

"தாலாட்டு" என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.