பிரேமாவுக்கு மியூசியம் காட்டிய ஞாயிற்றுக்கிழமை

ஆடிக் கிருத்திகைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது சுந்தரமூர்த்தி ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். பெண்டாட்டியைத் திருத்துவது. அதுவும் மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திருத்துவது.

திருத்தணி மலையடிவாரத்தில் அவர் வீடு. திருவாலங்காட்டுப் பக்கம் மூன்று ஏக்கர் கரும்பு. கரும்பு தன்பாட்டுக்கு வளர்ந்துவிடும் என்பதால் அவருக்கு நேரம் நிறைய மிஞ்சியது. மிஞ்சிய நேரத்தில் பழைய சாமான் சேர்த்தார். ஹாலில் ஏழு சுவர்க் கடிகாரங்கள். ஏழும் ஏழு மணி காட்டும், ஒன்றும் ஓடாது. பீரோ அளவுக்கு ஒரு வால்வு ரேடியோ. நான்கு பெட்ரோமாக்ஸ் விளக்குகள். விரலை விட்டுச் சுற்றும் டெலிபோன்கள் மூன்று. கனகம்மாசத்திரத்தில் ஒரு பழைய கடையை இடித்தபோது தூக்கிவந்த சோடா மிஷின். இன்னும் சில்லறைச் சாமான்களும் சேர்த்து நாற்பத்தோரு உருப்படிகள். அவர் இதைச் சேகரம் என்றார். பிரேமா சேதாரம் என்றாள்.

"கிருத்திகைக்கு எங்க அண்ணன் காவடி எடுத்துகினு வரான். கூட பதினாலு பேரு. எங்க உக்காருவாங்க?"

"ஹால்லதான்."

"ஹாலு எங்க கீது? காட்டுங்க பாக்கலாம்."

சுந்தரமூர்த்தி காட்ட முயன்றார். காலண்டர் அளவுக்குத் தரை தெரிந்தது.

"போன வருசம் அண்ணன் அந்த ரேடியோ மேலதான் உக்காந்தான்."

"அதைச் சொல்லாதே! உள்ள ரெண்டு வால்வு போச்சு!"

"அவனுக்கு இடுப்பு போச்சே, அது இன்னா ஆவறது? ஒண்ணு இந்தச் சாமானுங்க வெளிய போவணும். இல்ல, காவடி அன்னிக்கு நானும் எங்க அண்ணங்கூட மலைப் படியிலயே உக்காந்துக்கறேன். ஊரே பாக்கட்டும்."

கிருத்திகையன்று அந்தப் படியில் பாதி ஜில்லா ஏறும். அதில் பாதி அவருக்குச் சொந்தக்காரர்கள். ஒரு டெலிபோனையாவது வெளியே வைக்கலாமா என்று சுந்தரமூர்த்தி கையில் எடுத்தார். ஆனால் கடிகாரங்களைப் பார்த்ததும் மனசு கல்லானது. பழசின் அருமை தெரியாததால் வந்த பேச்சு இது. தெரிந்துவிட்டால் தானே வாய் மூடும் என்று நினைத்தார். இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியும் அப்படி ஒரு நம்பிக்கை அவரிடம் மிச்சம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் சென்னை. எழும்பூர் மியூசியம். டிக்கெட் வாங்கும்போதே அவருக்கு மார்பு விரிந்தது. சொந்த ஊருக்கு வந்தவர்போல் உள்ளே நுழைந்தார்.

வெண்கலச் சிலைகளின் முன்னால் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"ஆயிரம் வருசம், பிரேமா. ஆயிரம் வருசம்! எவனாவது ஒருத்தன் எடம் அடைக்குதுன்னு தூக்கிப் போட்டிருந்தா இன்னிக்கு நாம பாப்பமா?"

பிரேமா சிலையைப் பார்க்கவில்லை. சிலைக்கும் சிலைக்கும் நடுவில் இருந்த வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ எடம் வுட்டு வெச்சிருக்காங்க பாருங்க. நடுவுல ஒரு கல்யாணமே பண்ணலாம்."

"சிலையைப் பாரும்மா!"

"பாத்துகினுதான் இருக்கேன். ஒரு தூசி இல்ல."

சொன்னதோடு விடவில்லை. துடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் போய் எந்தத் துணி, எத்தனை நாளைக்கு ஒருதரம், பல்லி வந்தால் என்ன செய்வீர்கள் என்று அரை மணி நேரம் விசாரித்தாள். சுந்தரமூர்த்தி ஒற்றைக் காலில் நின்றார். எதிரே நடராஜரும் அப்படித்தான் நின்றார். அவருக்காவது சுற்றிலும் ஒரு வட்டம் இருந்தது.

திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். இதில் மிரளாமல் எங்கே போவாள்?

"அடேயப்பா!" என்றாள் பிரேமா.

அவருக்கு உச்சி குளிர்ந்தது. "பாத்தியா!"

"இவ்ளோ பெரிய சாமானே ஒழுங்கா ஒரு பக்கமா அடங்கிக் கீது. உங்க சோடா மிஷின் அடங்க மாட்டேங்குதே."

அப்புறம் அவர் எதையும் விளக்கவில்லை. பிரேமாதான் கேட்டாள்.

"ஏங்க, இதெல்லாம் இங்க எப்படி வந்துச்சி? எல்லாம் வெலைக்கு வாங்கனதா?"

"சே! சிலது தோண்டி எடுத்தது. சிலது பெரிய மனசு உள்ளவங்க தானா கொண்டாந்து குடுத்தது."

"ஓ! குடுத்தா வாங்கிப்பாங்களா?"

"தேடி வந்து வாங்கிப்பாங்க. அதான்டி பழசோட மரியாதை!"

"ஆங்" என்றாள் பிரேமா. அதற்குப் பிறகு சாயங்காலம்வரை அவள் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. சிலைகளை நின்று பார்த்தாள். தலையை ஆட்டினாள். மருந்து வேலை செய்துவிட்டது என்று சுந்தரமூர்த்தி அவளுக்கு ஃபலூடா வாங்கிக் கொடுத்தார்.

திரும்பும் ரயிலில் அவள் கதவுப் பக்கம் போய் யாருடனோ போனில் பேசிவிட்டு வந்தாள்.

"ஏங்க, அரக்கோணத்துல ஒரு சின்ன மியூசியம் கீதாம். எனக்குப் பாடம் எடுத்த கௌரியம்மாள் டீச்சர் ரிட்டயர் ஆனப்பறம் வீட்டுக் கீழ்ப்போர்ஷன்ல வெச்சிருக்காங்க. எறங்கிப் பாத்துட்டுப் போலாமா?"

சுந்தரமூர்த்திக்குக் கண் கலங்கியது. ஒரே நாளில் இரண்டாவது மியூசியம்! அவளாகக் கேட்கிறாள்!

கௌரியம்மாளின் மியூசியம் இரண்டே அறைகள். மரப்பாச்சி பொம்மைகள், பித்தளைக் கூஜாக்கள், ரயில்வே கைவிளக்கு ஒன்று. ஒவ்வொன்றின் அடியிலும் டீச்சர் கையெழுத்தில் குறிப்பு. சுந்தரமூர்த்தி ஐந்து நிமிஷம் பொறுத்தார். ஆறாவது நிமிஷம் பொறுக்க முடியவில்லை.

"ஒரு கடியாரம்கூட இல்லியே டீச்சர்?"

"கெடைக்கல தம்பி. கடியாரம் இல்லாத மியூசியம் ஒரு மியூசியமா? எனக்கே கொறதான்."

"எங்கிட்ட ஏழு இருக்கு."

"ஏழா!" கௌரியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரேடியோவும் கீது டீச்சர்," என்றாள் பிரேமா. "அதப் பத்தி அவரைத்தான் கேக்கணும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு சரித்திரம் வெச்சிருக்காரு."

இருபத்திரண்டு வருஷத்தில் பிரேமா அவரைப் பற்றி மூன்றாம் மனுஷரிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. சுந்தரமூர்த்தி தரையில் இல்லை. ரேடியோவில் ஆரம்பித்து சோடா மிஷினில் முடித்தார். கௌரியம்மாள் "அப்படியா!" "அடடா!" என்று பாடம் கேட்கும் பிள்ளைபோல் கேட்டார்.

"தம்பி, இதையெல்லாம் உங்க கைப்பட எழுதிக் குடுங்களேன். நான் எழுதனா தப்பாப் பூடும்."

ஒரு நீளமான நோட்டு வந்தது. மேலே ஃபேன் சுற்றியது. பக்கம் படபடத்தது.

"காத்துக்குப் பறக்குது, இருங்க," என்று பிரேமா டிபன் கூடையைத் தூக்கிப் பக்கத்தின் மேல்பாதியில் வைத்தாள். கூடைக்குக் கீழே இருந்த கோடுகளில் சுந்தரமூர்த்தி எழுதினார். ஒரு மணி நேரம் எழுதினார். நாற்பத்தோரு உருப்படிகள், எந்த ஊரில் கிடைத்தது, யாருடையது, என்ன வயசு. பக்கம் புரளப் புரளக் கூடையும் கூடவே புரண்டது. கடைசியில், கல்யாணப் பதிவேட்டில்கூடப் போடாத அழகான கையெழுத்து ஒன்றைப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து கௌரியம்மாள் இறங்கினார். கையில் அந்த நோட்டு. தோளில் ஒரு பொன்னாடை.

"இன்னா டீச்சர் இது?"

"நீங்க எழுதிக் குடுத்ததுதான் தம்பி." நோட்டைப் பிரித்துக் காட்டினார். இப்போது கூடை இல்லை. பக்கத்தின் உச்சியில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது: அன்பளிப்புப் பதிவேடு. அதற்குக் கீழே: 'பின்வரும் பொருள்களை மனமுவந்து வழங்குகிறேன்.' அதற்கும் கீழே, முத்து முத்தாக, அவர் எழுத்து.

சுந்தரமூர்த்தி பிரேமாவைப் பார்த்தார். பிரேமா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வூட்டுக்காரருக்கு இவ்ளோ பெரிய மனசுன்னு எனக்கே தெரியாது டீச்சர்!"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் பொன்னாடை கழுத்தில் விழுந்தது. எதிர்வீட்டு எல்லப்பன் கைதட்டினார். தெருவே கைதட்டியது.

"நைனா, நீ மனுசனே இல்ல!" என்று எல்லப்பன் கட்டிப் பிடித்துக்கொண்டார். "நானா இருந்தா ஒரு ஸ்பேனர்கூடக் குடுக்க மாட்டேன்!"

"நானும்..." என்று ஆரம்பித்தார் சுந்தரமூர்த்தி.

"பேசாதீங்க," என்றாள் பிரேமா, அருகில் வந்து பொன்னாடையைச் சரிசெய்தபடி. "போட்டோ எடுக்கறாங்க. சிரிங்க."

சிரித்தார். ஏழு கடிகாரமும் வரிசையாக டெம்போ ஏறின. ரேடியோவைத் தூக்க நான்கு பேர். சோடா மிஷின் போகும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதையும் போட்டோ எடுத்தார்கள்.

கிருத்திகையன்று பிரேமாவின் அண்ணன் விஜயன் காவடி இறக்கிவிட்டுப் பதினான்கு பேரோடு ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்தான். பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்த சுந்தரமூர்த்தியைப் பார்த்துச் சொன்னான்: "மாப்ள, உங்க ஹாலு இவ்ளோ பெருசா! இனிமே தீபாவளி, பொங்கல் எல்லாம் நாங்க இங்கதான்."

அவர் கரண்டியோடு சமையலறைக்குப் போனார். சாமான் போனது போகட்டும், பேராவது நிற்குமே என்று தேற்றிக்கொண்டார். நாற்பத்தோரு இடத்தில் சுந்தரமூர்த்தி, சுந்தரமூர்த்தி! அரக்கோணத்தில் இறங்குகிற அத்தனை ஜனமும் வந்து படிக்குமே! அந்தத் தேறுதலில் பத்து நாள் தூங்கினார். பதினோராவது நாள் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறினார்.

மூன்றாவது அறை ஒன்று புதிதாகத் திறந்திருந்தது. கடிகாரங்கள் பளபளவென்று இருந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் குறிப்பைக் குனிந்து படித்தார். அடுத்ததைப் படித்தார். பிறகு ஒவ்வொன்றாக ஓடி ஓடி நாற்பத்தொன்றையும் படித்தார். எல்லாவற்றிலும் ஒரே வரிதான்: 'அன்பளிப்பு: திருமதி பிரேமா, திருத்தணி.'

"டீச்சர்!" என்று அலறினார்.

கௌரியம்மாள் கைகூப்பிக்கொண்டே வந்தார்.

"தெரியும் தம்பி, பிரேமா எல்லாம் சொல்லிட்டா. ஒரு எடத்துலகூட உங்க பேரு வரக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டீங்களாமே! இந்தக் காலத்துல இப்படி ஒரு அடக்கமா?"