புகை மோப்பப் பெட்டி

அலாரம் அன்றைக்கும் அலறியது. திருத்தணி லாட்ஜின் இரண்டாம் மாடியிலிருந்து, சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் வேட்டியைக் கையில் பிடித்தபடி படியிறங்கி ஓடிவந்தன. தீ எங்கும் இல்லை.

"இன்னா நைனா, தெனம் காலைல சுப்ரபாதமா?" என்றார் முதலாளி பெருமாள்.

சூர்யநாராயணனை ஒரு சென்னைக் கம்பெனி அனுப்பியிருந்தது. புகையை மோப்பம் பிடிக்கும் வயர்லெஸ் சென்சார் பெட்டிகளை மாடிதோறும் மாட்ட வேண்டும். ஒன்று மற்றொன்றுக்குச் சேதி சொல்லி, கடைசியில் அது வரவேற்பறை ரிசீவருக்கு வந்துசேரும். எதை எங்கே வைப்பது என்பதில்தான் வித்தை. 2008இல் அது புதுசு. அவனுக்கும் அதுதான் முதல் வேலை. பெருமாள் சரி என்றால்தான் வேலை நிரந்தரம்.

"வெந்நீர் ஆவி சார். பாத்ரூம் பக்கம் வச்சது தப்பு."

பெட்டியைப் படிக்கட்டுக்கு மாற்றினான். இரண்டாம் மாடியைப் பெருக்கும் கன்னியம்மாள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே இங்கதானா சார்?"

"ஆமாம்மா."

படிக்கட்டிலிருந்து சிக்னல் எட்டவில்லை. லிஃப்டின் இரும்பு குறுக்கே நின்றது. நடுவில் இன்னொரு பெட்டி வைத்தான். மறுநாள் காலை இரண்டும் சேர்ந்து கத்தின.

"ஒத்தையா கத்திகினு இருந்ததுக்கு ஜோடி சேத்து வுட்டியா?"

"சமையல்கட்டுப் புகை மேல ஏறுது சார்."

"த பாரு, ஆடிக் கிருத்திகைக்கு ரூம் பூரா புக்கிங். இன்னொரு தபா கத்திச்சி, பொட்டிங்கள மூட்ட கட்டிகினு பஸ் ஏறிடு."

சூர்யநாராயணன் சுவர் சுவராக அலைந்து, நடைக்கோடியில் ஓர் இடம் கண்டுபிடித்தான். ஆவி வராது, அடுப்புப் புகை வராது, சிக்னல் முழுசாகக் கிடைத்தது.

"இது கடைசி இடம்மா. இங்கயும் கத்தினா என் வேலை போச்சு."

கன்னியம்மாள் பெட்டியை அண்ணாந்து பார்த்தாள். "கவலப்படாதீங்க சார். கெழக்கப் பாத்துகினு கீது."

காலையில் முதலாளியும் அவனும் ரிசீவர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அது வாயே திறக்கவில்லை. பெருமாள் காபியை ஆற்றிக் குடித்தார்.

"ஆங், தேறிட்ட நைனா."

அவர் டம்ளரை வைப்பதற்குள் அலாரம் வீறிட்டது. மொட்டைகள் உருண்டு வந்தன. பெருமாள் வாசலைக் காட்டினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கன்னியம்மாள் கையில் தட்டோடு இறங்கி வந்தாள்.

"பயப்படாதீங்க சார், தெனம் ஒரு வில்லதான் காட்டுவேன், இன்னிக்கு உங்க வேல நெலைக்கணும்னு பொட்டிக்கு முழு டப்பா கற்பூரத்தையும் கொளுத்திட்டேன்!"