காது கொடுத்த மகான்

உலக மக்கள் அனைவருக்கும் ஒரு முக்கிய அறிவிப்பு: படகுகள் பேசத் தொடங்கிவிட்டன. அந்த மொழி புரிந்தவர் பூமியில் ஒருவரே. அவர் பெயர் படகுச்செவியார்.

படகு கட்டும் யார்டின் வாசலில் விடிந்ததிலிருந்து வரிசை. செவியார் கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொள்வார். கைகளைப் பின்னால் கோத்துக்கொள்வார். படகின் பக்கப்பலகையில் காதை வைப்பார். "இவள்தான் உன்னைக் கரை சேர்ப்பாள்" என்பார். கூட்டம் கண் கலங்கும். கரை சேர்ப்பவள் எப்போதும் இரண்டு வருடமாக விலை போகாமல் கிடந்தவளாகவே இருப்பாள். அது தற்செயல் என்பது யார்டு முதலாளியின் கருத்து.

அன்று ஒரு மீனவரின் முறை. அவர் முன்னால் இரண்டு ஃபைபர் படகுகள். ஒன்றுக்கு அடி தட்டை. மற்றதற்கு அடி கத்திபோல் கூர். செவியார் இரண்டிலும் காது வைத்தார். தட்டையடிக்காரி கூப்பிடுகிறாளாம்!

"அக்கா, இதையே முடிச்சிடலாமா?" என்றார் மீனவர், கூட வந்திருந்த அக்காவிடம்.

அக்கா இன்ஜின் மெக்கானிக். கழற்றிப் பார்க்காமல் எதையும் நம்பாதவர்.

"நீ போறது வெளிக்கடல். அங்க அலை எவ்வளவு உயரம்டா?"

"ஆள் உயரம் வரும்."

"தட்டை அடி அதுல என்ன செய்யும்?"

"படார் படார்னு அறையும். கவிழ்ந்தாலும் கவிழும். ஆனா ஐயா சொல்றாரே!"

"ஐயாவும் கூட வர்றாராமா?"

அக்கா செவியாரிடம் பணிவாகப் போனார்.

"இன்னொரு தடவை கேட்டுச் சொல்லுங்க ஐயா. உங்க துணி நைஞ்சு சல்லடையாப் போச்சு. இதைக் கட்டிவிடுறேன்."

கிரீஸ் துடைக்கும் கனத்த துண்டு. இத்தனை பேர் முன்னால் மகான் மறுக்க முடியுமா? அக்கா இறுக்கிக் கட்டினார். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டார். உதட்டில் விரல் வைத்துக் கூட்டத்தை அடக்கிவிட்டு, தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போய், யார்டின் கழிப்பறைக் கதவுக்கு முன் நிறுத்தினார். அதுவும் ஃபைபர்தான். ஊரையே தூக்கும் ஃபைபர் பசை வாடையில் வேறெந்த மணமும் தெரியவில்லை.

செவியார் காதை வைத்தார். முகம் மலர்ந்தது.

"ஆகா! தட்டையடித் தாயே! உள்ளே கடல் ஓசை கேக்குது!"

உள்ளே தண்ணீர் திறந்துவிடும் சத்தம்.

"அலை பொங்குது! உன்னைத்தான் கூப்பிடுறா மகனே!"

கதவு திறந்தது. யார்டு தச்சர் ஈரக் கையை உதறியபடி வெளியே வந்தார்.

"என்ன ஐயா, ரொம்ப அவசரமா?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் செவியார் துண்டை அவிழ்த்தார், கதவைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். அவர் அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று எந்தப் படகும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. முதலாளி அலுவலகத்துக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

தம்பி கூரடிப் படகை எடுத்தார். அலை எவ்வளவு உயரம், எந்த அடி தாங்கும் என்பதெல்லாம் அவருக்கு முன்பே தெரியும். இருந்தும் அடுத்தவரிடம் கேட்கப் போனார். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேருக்கும் அதே கதைதான். தெரிந்ததை யோசிக்கச் சோம்பல்பட்டு, உயிரை இன்னொருவர் காதில் அடகு வைக்க வந்தவர்கள்.

படகுக்கு வாய் கிடையாது.