பெண் பார்க்கப் போன இடத்தில் பிரிண்டர்

பெண் பார்க்கப் போகிற வீட்டில் கேசரி சாப்பிடலாம், மிக்சர் கொறிக்கலாம், காபி பிரமாதம் என்று பொய்கூடச் சொல்லலாம். பிளக்கில் சொருகியிருக்கும் எதையும் தொடக்கூடாது. டி. கல்லுப்பட்டிக்குப் போகும்வரை இது எனக்குத் தெரியாது.

அப்போது நான் கோரிப்பாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பெண் வீட்டில் என் தாய்மாமா அதை, "எங்க மாப்ளைக்குத் தெரியாத கம்ப்யூட்டரே கிடையாது" என்று விளக்கினார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். (மறுத்திருக்கலாம். வாயில் கேசரி இருந்தது.)

பெண்ணின் அப்பா பம்புசெட் வியாபாரி. வீட்டின் முன்பக்கம்தான் கடை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப ஒரு உதவி தம்பி. பழைய பிரிண்டர் ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கேன், ஓட மாட்டேங்குது. சாயங்காலத்துக்குள்ள ஒருத்தருக்கு கொட்டேஷன் குடுக்கணும். பெரிய ஆர்டர்."

போய்ப் பார்த்தேன். பிரிண்டரில் குறையில்லை. அதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கிற டிரைவர் சிடிதான் இல்லை, விற்றவரே தொலைத்துவிட்டாராம். "மதுரைக்குப் போயி எடுத்துட்டு வாரேன்" என்றிருந்தால் கௌரவமாகத் தப்பித்திருப்பேன். ஆனால் கதவோரம் அந்தப் பெண் நின்றாள். "அஞ்சே நிமிஷம்" என்றேன்.

கம்ப்யூட்டரில் இருந்த டிரைவர்களில் கிட்டத்தட்ட அதே பெயரில் வேறொரு மாடல் கிடைத்தது. கடைசி எண் மட்டும்தான் வேறு. (அண்ணன் தம்பியாகத்தானே இருக்கும்!) அதைப் போட்டு பிரிண்ட் கொடுத்தேன்.

ஓடியது! மாமா கைதட்டினார். தாள் வந்தது. உச்சியில் ஒரே ஒரு வரி: சீட்டுக்கட்டு ஆர்ட்டின் மாதிரி ஒரு இதயம், ஒரு சிரித்த மூஞ்சி, நாலைந்து கேள்விக்குறி. மீதியெல்லாம் காலி. அடுத்த தாளும் அப்படியே. அதற்கடுத்ததும். வந்துகொண்டிருந்ததோ, அவர் சிவகாசியில் கலரில் அடித்து வாங்கிவந்த புத்தம்புது லெட்டர்பேடு.

"என்ன தம்பி இது?"

"சூடாகுதுங்க."

கேன்சல் அழுத்தினேன். மதிக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன், நின்றது. மறுபடி சொருகினேன், விட்ட இடத்திலிருந்து துப்ப ஆரம்பித்தது. மாமா தரையெல்லாம் குனிந்து குனிந்து பொறுக்கினார். "அம்புட்டுப் பேப்பரும் போச்சு!" என்று பெண்ணின் அம்மா அலறினார். நான் பிரிண்டரை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். (எதற்கு என்று கேட்காதீர்கள்.)

அப்போதுதான் அந்தப் பெண் முதல்முறையாகப் பேசினாள். "பேப்பரை உருவிட்டா நின்னுரும்ல?"

உருவினேன். நின்றது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

நான் ஸ்கிரீனைப் பார்த்து வாசிக்க வாசிக்க, அவள் அப்பா அந்தத் தாளிலேயே கொட்டேஷனைப் பேனாவால் எழுதினார். வாங்க வந்த விவசாயி அந்த இதயத்தைத் தடவிப் பார்த்தார். "இது என்னண்ணே?"

"கம்ப்யூட்டர் சீலுப்பா" என்றார் அவர், முகம் மாறாமல். ஆர்டர் கிடைத்துவிட்டது.

கிளம்பும்போது மாமா, "யோசிச்சு மெதுவாச் சொல்லி அனுப்புங்க" என்று முனகினார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? எம்பிள்ள இம்புட்டுச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல" என்ற பெண்ணின் அப்பா, என் பக்கம் திரும்பினார். "அடுத்த தடவை வரும்போது எதையும் தொடாதீங்க, மாப்ள."

கல்யாணத்தின்போது வீணான தாள்களையெல்லாம் சீதனத்தோடு சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டார். எங்கள் மகள் அ, ஆ எழுதிப் பழகியது அவற்றின் பின்பக்கத்தில்தான். ஒருநாள் தாளைத் திருப்பிப் பார்த்து, "இது யாரும்மா கிறுக்குனது?" என்று கேட்டாள்.

"உங்கப்பா எனக்கு எழுதுன மொத லெட்டர்டி" என்றாள் என் மனைவி.