படித்ததாகக் கொள்ளப்பட்ட அறிக்கை

எங்கள் நகர மன்றத்தைப் போல வேகமாகப் படிக்கக்கூடிய மன்றம் இந்த உலகத்தில் வேறு இல்லை என்று அடித்துச் சொல்வேன். தொண்ணூற்றாறு பக்கமுள்ள மாதாந்திர நிதி அறிக்கையை நாற்பத்திரண்டு உறுப்பினர்களும் சேர்ந்து ஏழே விநாடியில் படித்து முடிக்கிறார்கள். கடிகாரம் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு, மேயர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “அறிக்கை படித்ததாகக் கொள்ளப்படுகிறது” என்பார். உடனே மூன்றாவது வரிசையில் ஒரு கை எழும். அந்தக் கைக்குச் சொந்தக்காரரின் இயற்பெயர் அவர் வீட்டிலேயே மறந்துபோயிருக்கும். ஊருக்கு அவர் ‘வழிமொழி’. எதையும் முன்மொழிந்ததில்லை, எதையும் வழிமொழியாமல் விட்டதுமில்லை. மேசைகள் தட்டப்படும். டீ வரும். மேயர் கண்ணாடியைக் கழற்றுவார். அன்றைய படிப்பு முடிந்தது.

இந்த அறிக்கையை எழுதுவது என் அண்ணன். நகராட்சியில் கணக்கர். பைண்டிங் இயந்திரம் வாங்கும் கோப்பு ஆறு வருடமாகப் ‘பரிசீலனையில்’ இருப்பதால், நாற்பத்திரண்டு பிரதிகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். ஊசி நூலால் தைத்துக் கொடுப்பது என் வேலை. செவ்வாய்க்கிழமை அவற்றைச் சுமந்து போய் மேசைகளில் வைத்துவிட்டு, பார்வையாளர் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்துகொள்வேன். தைக்கும்போது கண்ணில் படுவதைப் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.

அப்படித்தான் ஐம்பத்தேழாம் பக்கம் கண்ணில் பட்டது. துப்புரவுப் பணியாளர்களின் சம்பள நிதியிலிருந்து, மன்றத்தின் வாசலில் வண்ண விளக்கு நீரூற்று வைப்பதற்குப் பணம் ‘தற்காலிகமாக’ எடுக்கப்பட்டிருந்தது. திருப்பி வைக்காவிட்டால் மூன்றாம் மாதம் முந்நூற்றுப் பதினாறு பேருக்குச் சம்பளம் இருக்காது. அந்த முந்நூற்றுப் பதினாறில் ஒருவர் எங்கள் சித்தி. அண்ணன் சம்பளம் சாப்பாட்டுக்கு, சித்தி சம்பளம் வாடகைக்கு. எங்கள் வீட்டு நிதி அறிக்கை அவ்வளவுதான்.

“ஒரே ஒரு மெம்பர், ஒரே ஒரு கேள்வி கேட்டாப் போதும்மா,” என்றார் அண்ணன். விதிப்படி, அறிக்கையைப் பற்றி உறுப்பினர் யாராவது கேட்டால்தான் பணத்தைத் திருப்பி வைக்கும்படி மேயர் உத்தரவிட முடியும். ஒன்பது வருடமாக எவரும் கேட்டதில்லை. அறிக்கை அவ்வளவு தெளிவு.

அடுத்த மாதம் அண்ணன் அந்தப் பக்கத்தை மட்டும் சிவப்பு மையில் அச்சடித்தார். பலன் கிடைத்தது. ஓரத்தில் தெரிந்த சிவப்பை வழிமொழி விரலால் தடவிப் பார்த்து, ஒன்பது வருடத்தில் முதல் கேள்வியைக் கேட்டார். “நிறம் லட்சணமா இருக்கே, எந்தக் கடை மை?”

அண்ணன் கடை முகவரியை எழுதிக் கொடுத்தார். சிவப்புக்கு நன்றி தெரிவித்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வீட்டுக்கு வந்து விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மையைப் பற்றிய கேள்வி கணக்கில் வராதாம்.

அதற்கடுத்த மாதம் அதையே முதல் பக்கமாக வைத்துத் தைக்கச் சொன்னார். தைத்தேன். அன்று பார்த்து மின்விசிறி ஓடவில்லை. உறுப்பினர்கள் நிதி அறிக்கையை அன்றைக்குப் போல என்றைக்கும் பயன்படுத்தியதில்லை. நாற்பத்திரண்டு முதல் பக்கங்களும் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தன. பொறுக்க முடியாமல் அண்ணன் எழுந்து நின்று வாசிக்க ஆரம்பித்தார்: “அடுத்த மாதம் சம்பள நிதியில்...”

மேயர் கையமர்த்தினார். கோபமே படவில்லை. “தம்பி, படிச்சதா ஏற்கெனவே பதிவாயிடுச்சு. படிச்சவங்களுக்கே திரும்பப் படிச்சுக் காட்டினா, அவங்க படிக்கலைன்னு சொல்ற மாதிரி ஆயிடும். உட்காருங்க.”

அண்ணன் உட்கார்ந்தார். அந்த நான்கு சொற்களும் சபைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டன.

சம்பள நாள் வந்தது, சம்பளம் வரவில்லை. முந்நூற்றுப் பதினாறு துடைப்பங்களும் ஓய்வெடுத்தன. ஆறாம் நாள் பணியாளர்கள் எல்லாரும் மன்றத்துக்கு வந்தபோது, வாசலில் குப்பை இடுப்பளவு குவிந்திருந்தது. நீரூற்று அதன்மேல் பச்சையும் ஊதாவுமாக மாறி மாறித் தெளித்துக்கொண்டிருந்தது. மேயர் ஆடிப்போய், அவசரமாக மன்றத்தைக் கூட்டினார். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒருத்தர்கூடத் தன் காதில் போடவில்லையே என்று மனம் நொந்தார்.

சித்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவைக்குள் வந்தார். “அறிக்கையைப் படிச்சதா வெச்சுக்கிட்டீங்களாமே. அதே மாதிரி நாங்க சம்பளம் வாங்கினதாவும் வெச்சுக்குங்களேன் ஐயா.”

கிண்டல் என்ற ஒன்று மன்ற விதிகளில் கிடையாது. மேயர் யோசித்தார். கண்ணாடியைப் போட்டார். மூன்றாவது வரிசையில் கை எழுந்தது. சம்பளம் வழங்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டது.

நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் மன்ற உறுப்பினர் இல்லை. அதனால் வாடகை வாங்கியதாகக் கொள்ள அவருக்குத் தெரியவில்லை. இரண்டு வாரம் கெடு கொடுத்துவிட்டுப் போனார்.

நடந்ததை மன்றம் அத்துடன் விட்டுவிடவில்லை. வழிமொழியின் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. அண்ணன் ஐம்பத்தேழாம் பக்கத்தை நீட்டினார். வழிமொழி அதைத் தொடாமல் பார்த்தார்.

“மெம்பருங்க அறிக்கையைப் படிச்சாங்கன்னு பதிவு இருக்கா, இல்லையா?”

“இருக்கு சார்.”

“இந்தப் பக்கத்தைப் படிச்சிருந்தா சும்மா இருந்திருப்பாங்களா?”

அண்ணன் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

“சும்மாதானே இருந்தாங்க. அப்போ இந்தப் பக்கம் அறிக்கையிலேயே இல்ல. நீங்க பின்னால சொருகியிருக்கீங்க.”

இவ்வளவு சுத்தமான தர்க்கத்தை நான் அதுவரை கேட்டதில்லை. எழுந்தேன். தைத்தது நான்தான், பக்கம் அதில் இருந்தது, நானே படித்தேன் என்று சொன்னேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. குழுவுக்குக் கேட்டிருக்கிறது; கனிவாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீ மெம்பரா?” என்றார் வழிமொழி.

“இல்லீங்க.”

“அப்போ நீ படிச்சது படிச்சதாகாதும்மா.”

அண்ணன் வேலைநீக்கம் செய்யப்பட்டார். புதிதாக வந்த கணக்கர் கெட்டிக்காரர். அவர் அறிக்கையில் ஐம்பத்தாறாம் பக்கத்தை அடுத்து ஐம்பத்தெட்டு வருகிறது. நாங்கள் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். ஆனாலும் மன்றத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்பது வருட அறிக்கைகளையும் நாற்பத்திரண்டு பேர் ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார்கள். அத்தனையிலும் அவர்கள் கண்டுபிடித்த ஒரே பிழை, அவற்றை எழுதியவர்.